5-ஆம் நம்பர் ஃப்ளை ராடு செட்டு: ராடு நல்லாருக்கு, ரீல் போதும், லைனை மாத்தீருங்க

குளுந்த ஓடையில இருக்கற ட்ரவுட் மீனுக்கு ஃப்ளை, அதாவது இறகுல கட்டுன பொய்ப் பூச்சித் தூண்டில் போட ஆசைப்பட்டு, எந்த செட்டு வாங்கறதுன்னு கோயமுத்தூர், ஈரோடு பக்கமிருந்து நெறையப் பேரு எங்கிட்டக் கேக்கறாங்க. எல்லாருக்கும் சேர்த்து இங்கயே எழுதீர்றேன். நான் வாங்குனது ஆன்லைன்ல வர்ற வெளிநாட்டு செட்டு. 9 அடி நீளத்துல நாலு துண்டா கழட்டற 5-ஆம் நம்பர் கார்பன் ராடு, ரீல், லைனுக்கு அடியில ரீல்ல சுத்தற பேக்கிங் நூல், லைன், லைனுக்கும் ஃப்ளைக்கும் நடுவுல கட்டற லீடர் நரம்பு, ஒரு டஜன் ஃப்ளை, எல்லாத்தையும் போட்டு வெக்க ஜிப் வெச்ச குழாய் ஒண்ணு. வெலை 11,500 ரூபாய். கம்பெனி பேரு போடலை. இதே மாதிரி செட்டு பல பேர்ல விக்கறாங்க, எதை வாங்குனாலும் என்ன பார்த்து வாங்கணும்ங்கறதுதான் இங்க விஷயம்.

எனக்குக் கோயமுத்தூர் கணபதியில லேத் பட்டறை. மோட்டார் ஷாஃப்ட்டு, புஷ்ஷு, இம்பெல்லர் வேலை. ஒரு தௌ, அதாவது அங்குலத்துல ஆயிரத்துல ஒரு பங்கு, கூடுனாலும் கொறைஞ்சாலும் பேரிங் உக்காராதுங்கற தொழில்ல இருக்கறதால, செட்டு வந்தன்னைக்கே பெட்டியில அச்சடிச்சிருக்கற நம்பரை ஒரு பக்கம் வெச்சுட்டு, உள்ள இருந்த ஒவ்வொரு சாமானையும் அளந்து பார்த்தேன். அளந்ததுல ராடு தேறுச்சு, ரீல் தேறுச்சு, லைன் தேறலை. ஃப்ளை ஃபிஷிங்ல லைன் தேறலைன்னா மத்தது எல்லாம் தேறியும் பிரயோசனம் இல்லைங்க.

ஏன்னு சொல்றேன். நம்ம பவானி ஆத்துலயும் குளத்துலயும் போடற தூண்டில்ல ஈயக்குண்டு இருக்கும், இல்லைன்னா எடையான இரை இருக்கும். வீசுனா அந்த எடை முன்னாடி போகும், நரம்பு பின்னாடியே உருவிட்டுப் போகும். ஃப்ளைங்கறது சின்ன முள்ளுல இறகும் நூலும் சுத்துன பூச்சி, அதுக்கு எடைன்னு சொல்லிக்க எதுவுமில்லை. அதை எவ்வளவு பலமா வீசுனாலும் காலடியிலயேதான் விழும். அதனால இங்க எடை முழுக்க லைன்லயே இருக்கு. பிளாஸ்டிக் பூச்சு பூசுன, தண்ணியில மெதக்கற தடிமனான லைன். பின்னாடி எறிஞ்சு அது காத்துல நேராகறப்ப ராடு வளையும், முன்னாடி நிறுத்துனா ராடு நிமிர்ந்து லைனைத் தள்ளும். ராடு மேல எழுதியிருக்கற 5-ங்கற நம்பரே ராடோட பலத்தைச் சொல்றதில்லை. எந்த எடை லைனுக்கு அந்த ராடு சரியா வளையும்ங்கறதைத்தான் சொல்லுது.

அந்த எடைக்குக் கணக்கு இருக்கு. அமெரிக்கத் தூண்டில் உற்பத்தியாளர் சங்கம் வகுத்த அளவுப்படி, லைனோட முன்பக்கம் 30 அடி 140 கிரெய்ன் இருந்தா அது 5-ஆம் நம்பர். நம்ம கணக்குல 9.07 கிராம். ஒரு சவரனுக்கு மேல ஒரு கிராம்னு வெச்சுக்குங்க. 4-ஆம் நம்பர்னா 120 கிரெய்ன், 6-ஆம் நம்பர்னா 160, அதாவது 10.4 கிராம் சுமாரு. 5-ஆம் நம்பருக்கு 134-ல இருந்து 146 கிரெய்ன் வரைக்கும் விட்டுக்கொடுக்கலாம். கிராம்ல சொன்னா 8.7-ல இருந்து 9.5 வரைக்கும்.

சவரன் கணக்குல வர்ற சாமானை எடை போட ராஜ வீதியை விட்டா வேற எங்க போறது? அங்க தங்கப் பட்டறை வெச்சிருக்கற தம்பிகிட்ட லைனைச் சுருட்டி எடுத்துட்டுப் போனேன்.

"ஏனுங்ணா, செயின் பத்தவெக்க வந்தீங்கன்னு பார்த்தா நூல்கண்டு கொண்டாந்திருக்கறீங்க?"

"நூலுதான் தம்பி. முன்னாடி 30 அடி மட்டும் எத்தனை கிராம்னு வேணும். அறுக்கக் கூடாது."

"அறுக்காம எப்பிடிங்ணா? மிச்சம் தொங்குனா அதும் சேந்து இழுக்குமே."

அவரே வழியும் சொன்னாரு. டேப்பை விரிச்சு 30 அடியில மார்க்கர்ல கோடு போட்டு, அதுவரைக்கும் சின்னச் சின்ன வளையமாச் சுத்தித் தட்டுல வெச்சோம். மிச்ச லைனை, தட்டு என்ன உயரமோ அதே உயரத்துக்கு மரப்பெட்டி அடுக்கி அது மேல உக்கார வெச்சோம். நடுவுல ரெண்டு அங்குலம் தளர்வா விட்டாச்சு. ஃபேனை நிறுத்தி, கண்ணாடிக் கதவைச் சாத்தினாரு. தராசு 10.62-ல நின்னுது. எடுத்துட்டுத் திரும்ப வெச்சாரு, 10.60. பெட்டியில 5, தராசுல 6.

ஒரு விஷயம் நியாயமாச் சொல்லணும். வெறைப்பான ராடுக்காகன்னே அரை நம்பர், ஒரு நம்பர் கனமா லைன் செய்யற கம்பெனிங்க இருக்கறாங்க. கிட்டத்துல வீசறப்ப கொஞ்சம் லைன்தான் வெளிய இருக்கும், அதுக்கு அந்தக் கனம் ஒத்தாசையும் பண்ணும். ஆனா அவங்க பெட்டியிலயே எத்தனை கிரெய்ன்னு போட்டிருப்பாங்க, தெரிஞ்சு வாங்கறோம். இங்க அப்பிடி ஒரு எழுத்துக்கூட இல்லை. வித்தவங்களுக்கு எடையைப் போட்டோ எடுத்து அனுப்புனேன். "ரிட்டர்ன் காலம் முடிஞ்சுது"ன்னு ஒரு வரி வந்துது, அவ்வளவுதான்.

கனம் மட்டும் குத்தம்னா பொறுத்துக்கலாம். ரீல்ல இருந்து உருவுனா ஸ்பிரிங் மாதிரி சுருள் சுருளா நிக்குது. ரெண்டு பேரு ரெண்டு முனையைப் பிடிச்சு இழுத்து விட்டாலும் வெயில் தாழ்றதுக்குள்ள மறுபடி சுருண்டுக்குது. நுனியில நாலஞ்சு அடி தண்ணிக்குள்ள முங்கீருது. லைன் நுனி முங்குனா மேல மெதக்கற ஃப்ளையையும் கூட இழுத்துட்டுப் போயிரும். முக்கியமா, தெளிஞ்ச தண்ணியில இந்த லைன் விழற சத்தம். ட்ரவுட் வெள்ளத்தை எதிர்த்து ஒரே எடத்துல நின்னு மேல பார்த்துட்டே இருக்கற மீனு. தலைக்கு மேல பொத்துனு ஒண்ணு விழுந்தா கல்லடியில புகுந்துக்கும். அப்புறம் அந்தக் குழியில அன்னைக்கு உங்களுக்கு வேலை இல்லை.

அதனால பேர் பெத்த கம்பெனி லைன் ஒண்ணு தனியா வாங்குனேன். முன்பக்கம் கனமான, மெதக்கற வகை, பெட்டியில டபிள்யூ.எஃப்.5.எஃப்-னு போட்டிருக்கும். 5,200 ரூபாய். அதையும் ராஜ வீதிக்கே கொண்டுபோனோம்: 9.18 கிராம். அதே ராடு, அதே கை, வேற சாமான் மாதிரி ஆயிருச்சு. லைன் வளையம் இறுக்கமா உருண்டு போய், கடைசியில லீடர் தானாப் பிரிஞ்சு, ஃப்ளை தண்ணியில உக்காரற விதத்தைப் பார்க்கறப்ப மனசு நிறைஞ்சுது.

ராடைப் பத்தி நல்லதுதான் சொல்லணும். நாலு துண்டையும் மாட்டி, ஒவ்வொரு மூட்டையும் விரல்ல தட்டிப் பார்த்தேன், டொக்குனு சத்தம் இல்லை. மேல் துண்டு கீழ்த் துண்டு மேல ஏறி உக்காரற மூட்டு, உக்காந்ததுக்கு அப்புறமும் கால் அங்குலம் இடைவெளி விட்டிருக்காங்க. தேயத் தேய இன்னும் உள்ள போக இடம் வேணும்ங்கறதுக்காக விடறது அது. மூட்டு முழுசா முட்டிட்டு நின்னா அந்த ராடை வாங்காதீங்க. மெழுகுவத்தியை லேசா மூட்டுல தேய்ச்சு விட்டா வீசறப்பக் கழண்டுக்காது. வளையத்துக்குக் கட்டுன நூல் மேல பூசுன வார்னிஷ் ஒரு எடத்துலகூட குமிழ் விடலை. கைப்பிடி கார்க்குல ரெண்டு மூணு ஓட்டையைப் பொடி வெச்சு அடைச்சிருக்காங்க. நனைய நனைய அது உதிரும், ஆனா இந்த வெலைக்கு அதுக்கு மேல கேக்க முடியாது.

மைதானத்துல போட்டுப் பார்த்துட்டு அப்புறமா தண்ணிக்குப் போங்க. விடிகாலையில பள்ளிக்கூட மைதானம் போதும். நுனியில முள்ளு வேண்டாம். பட்டறையில எண்ணெய் தொடைக்கற பனியன் வேஸ்ட்டுல செவப்புத் துண்டு ஒண்ணு எடுத்து முடிச்சுப் போட்டுக்குங்க, புல்லு மேல நல்லாத் தெரியும். முன்னாடி கடிகாரத்துல பத்து மணி, பின்னாடி ஒரு மணி, அந்த ரெண்டு எடத்துலயும் ராடைப் பட்டுனு நிறுத்தணும். பின்னாடி நிறுத்துனதும், லைன் முழுசா நீளற வரைக்கும் பொறுக்கணும். இந்த ராடு நடுத்தர வெறைப்பு. அந்தப் பொறுமை பழகறவங்களுக்கு ஏத்தது, ஏன்னா லைன் நீண்டுதா இல்லையான்னு கையிலயே தெரியுது. ரொம்ப வெறைப்பான ராடுல அது தெரியாது, பழகுன கைக்குத்தான் அது லாயக்கு.

அடுத்து கோபியில மச்சானோட தோட்டத்துப் பண்ணைக்குட்டை. சுத்தியும் தென்னை, பின்னாடி வீச எடமே இல்லை. அங்கதான் ரோல் காஸ்ட் பழகுனேன். லைனைப் பின்னாடி எறியாம, தண்ணி மேலயே மெதுவா இழுத்து, காது பக்கம் ராடை நிறுத்தி, முன்னாடி ஒரு தட்டு. ஆத்தோரம் மரம் அடர்ந்திருக்கற எடத்துல பாதி வீச்சு இப்பிடித்தான். குட்டையில இருந்த ஜிலேபி மீனு ஃப்ளையை நல்லாவே அடிச்சுது. மச்சானுக்குப் புழு இல்லாம மீன் வந்ததை நம்ப முடியலை. "பொம்மைப் பூச்சிக்கு வருதுங்களா மாமா!"ன்னு ராடை வாங்குனவரு பொழுதோட வரைக்கும் குடுக்கலை.

ரீலுக்கு வர்றேன். எல்லாரும் ரீலைத்தான் மொதல்ல எடுத்துச் சுத்திப் பார்க்கறாங்க, விக்கறவங்களும் அதைத்தான் பளபளன்னு காட்டறாங்க. இது டை காஸ்டிங் பாடி, மேல பவுடர் கோட்டிங். ஸ்பூலை ஆட்டிப் பார்த்தா டயல் கேஜ்ல 4 தௌ ஆட்டம். எம் பட்டறையில வந்தா திருப்பி அனுப்புவேன், ஆனா இந்த வேலைக்கு அது தடையே இல்லை. உள்ள ஒருபக்கம் மட்டும் சுத்தற பேரிங்கு, அழுத்தற டிஸ்க்கு, அவ்வளவுதான். பேரிங்கைக் கழட்டித் திருப்பிப் போட்டா எடது கை, வலது கை மாத்திக்கலாம். அரைக்கிலோ ட்ரவுட்டு லைனை இழுத்துட்டு ஓடி ரீலைக் கதறவிடப் போறதில்லை. பெரும்பாலும் லைனைக் கையில இழுத்தேதான் மீனைக் கொண்டு வர்றோம், ரீல் மிச்ச லைனைச் சுத்தி வெச்சுக்கற பெட்டி. மெஷின்ல கடைஞ்சு எடுத்த அலுமினிய ரீல் எவ்வளவு அழகுன்னு எனக்குத் தெரியும், அந்த வேலைப்பாட்டுக்கு நான் மரியாதை குடுக்கறவன். இருந்தாலும் கையில அளவான காசு இருந்தா, அந்தக் காசு லைனுக்குப் போகட்டும்.

லீடரையும் டிப்பெட்டையும் மைக்ரோமீட்டர்ல பிடிச்சேன். டிப்பெட்டுங்கறது நுனியில கட்டற மெல்லிசு நரம்பு. அதோட தடிமனை எக்ஸ் நம்பர்ல சொல்வாங்க, அந்தக் கணக்கு பட்டறைக்காரங்களுக்கு ரொம்பச் சுலபம்: 11-ல இருந்து எக்ஸ் நம்பரைக் கழிச்சா எத்தனை தௌன்னு வந்துரும். 5 எக்ஸ்னா 6 தௌ, அதாவது 0.15 மில்லிமீட்டர். 4 எக்ஸ்னா 7 தௌ. செட்டுல 5 எக்ஸ்னு போட்டு வந்த சுருள் 7 தௌ காட்டுச்சு. ஒரு தௌதானேன்னு விடாதீங்க, தெளிஞ்ச தண்ணியில மீனு அதைப் பார்க்கும். முள்ளோட நம்பரை மூணுல வகுத்தா எந்த எக்ஸ் வேணும்னு உத்தேசமா வந்துரும்: 14-ஆம் நம்பர் முள்ளுக்கு 5 எக்ஸ். லைனுக்குச் செலவு பண்ணுனதுக்கு அப்புறம், 4 எக்ஸ், 5 எக்ஸ்ல தலா ஒரு நல்ல சுருள் வாங்கிக்குங்க.

கூட வந்த ஒரு டஜன் ஃப்ளையில மெதக்கற வகை சுமார், முங்கற வகை மோசம். நூல் முடிச்சு ரெண்டாவது மீனுக்கே அவுந்துக்குது. இதுக்கு நம்மூர்லயே வழி இருக்குங்க, அதைச் சொல்றதுல எனக்குப் பெருமை. இங்கிலாந்துல ஏவான் ஆத்தைப் பார்த்துக்கிட்ட ஃபிராங்க் சாயர்னு ஒரு ஆத்துக்காவலர், ஃபெசன்ட் பறவையோட வால் இறகையும் மெல்லிசு செம்புக் கம்பியையும் மட்டும் வெச்சு ஒரு ஃப்ளை கட்டினாரு. நூலே கிடையாது. கம்பிதான் கட்டும், கம்பிதான் முங்கற எடை. உலகம் பூரா ட்ரவுட்டுக்கு இன்னைக்கும் அதைப் போடறாங்க. செம்புக் கம்பிக்கு நம்ம கோயமுத்தூர்ல பஞ்சமா? ஃபேன் காயில் கட்டற கடையில 38-ஆம் கேஜ் கம்பி மிச்சம் கேட்டா காசில்லாமலே குடுத்தாங்க. அதும் 0.15 மில்லிமீட்டர், 5 எக்ஸ் நரம்பு தடிமன்தான். இறகுக்கு, உதிர்ந்த மயில் தோகை. பழனி மலையடிவாரத்துல வாங்குன தோகையில ஒரு இணுக்கு உருவி முள்ளுல சுத்துனா, தண்ணிக்குள்ள பச்சையும் செம்புமா மினுங்கும். 14-ஆம் நம்பர் முள்ளு, கீழ கம்பி நாலு சுத்து, மேல தோகை, நெஞ்சுப் பக்கம் மட்டும் கம்பி தடிமனா. இப்ப எம் பெட்டியில முங்கற வகை பூராவும் இதுதான். சேவக் கழுத்து இறகு மட்டும் ஊட்டுச் சேவல்ல எடுத்தா மெதக்கறதுக்கு வெறைப்புப் பத்தலை, அதைக் கடையில வாங்கறதுதான் சரி.

இதெல்லாம் வேலை செஞ்ச எடம் இமாச்சலத்துல தீர்த்தன் ஆறு. மீன்வளத்துறையில லைசென்ஸ் எடுக்கணும். நவம்பர்ல இருந்து பிப்ரவரி முடிய ட்ரவுட்டுக்குத் தடை, ஆடி ஆவணி மழையில தண்ணி கலங்கிரும். ராடு குழாய் முக்கால் மீட்டர் சொச்சம்தான், டெல்லி ரயில்ல சீட்டுக்கடியில படுத்துக்குச்சு. அங்க ஒரு பெரிய பாறைக்குப் பின்னாடி, ஓடற தண்ணியும் நிக்கற தண்ணியும் சேர்ற கோட்டுல தோகை ஃப்ளையை விட்டேன். மேல லைன் நுனி மெதந்துட்டே வந்துது. முங்கலை, இழுக்கலை. திடீர்னு நுனி மட்டும் ஒரு விரக்கடை மேல்பக்கமா நகர்ந்துது. தண்ணி கீழ போகுது, லைன் மேல போகுதுன்னா மீனுதான். ராடைத் தூக்குனேன். கையகலத்துக்குக் கொஞ்சம் பெரிய பிரவுன் ட்ரவுட்டு, மஞ்சள் வயிறு, செவப்புப் பொட்டைச் சுத்தி வெளுத்த வளையம். முள்ளோட எதிர்முள்ளைக் குறட்டுல அமுக்கி விட்டிருந்ததால நனைஞ்ச கையில ஒரு திருப்புல கழண்டுச்சு, தண்ணியை விட்டு எடுக்காமலே விட்டுட்டேன். பழைய லைன் போட்டிருந்தா நுனி எப்பவோ முங்கியிருக்கும், அந்த விரக்கடை நகர்வு கண்ணுக்குத் தெரிஞ்சிருக்காது.

நம்ம பக்கத்துலயே நீலகிரியில ட்ரவுட்டு இருக்கேன்னு கேப்பீங்க. இருக்கு. வெள்ளைக்காரங்க காலத்துல எச்.சி. வில்சன்ங்கறவரு கொண்டாந்து விட்டு, 1907-ல அவலாஞ்சியில பொரிப்பகம் அமைச்ச ரெயின்போ ட்ரவுட்டு, நூறு வருஷம் தாண்டியும் குளுந்த ஓடையில நிக்குது. 20 டிகிரிக்கு மேல சூடான தண்ணி அதுக்கு ஆகாது. அதனாலதான் மேல் பவானியில இருக்கற மீனு, அதே ஆறு மேட்டுப்பாளையம் எறங்கறப்ப இருக்கறதில்லை, அங்க கெண்டையும் ஜிலேபியும்தான். ஆனா முக்குருத்தி தேசியப் பூங்காவுக்குள்ள தூண்டிலோட போகவே கூடாது, மத்த எடத்துக்கு மீன்வளத்துறை, வனத்துறை ரெண்டு பேர்கிட்டயும் கேட்டு அனுமதி வாங்கிட்டுத்தான் போகணும். அது யானையும் புலியும் நடமாடற காடு, சட்டம் ஒரு பக்கம் இருந்தாலும் உசுரும் முக்கியமுங்க.

இன்னொண்ணு, பவானியில வந்து சேர்ற மோயாத்துல கூன் முதுகு மஹசீர்னு ஒரு பெரிய மீனு இருக்கு. காவிரிப் படுகையை விட்டா உலகத்துல வேற எங்கயும் இல்லாத மீனு, 2018-ல இருந்து அழிவோட விளிம்புல இருக்கற பட்டியல்ல இருக்கு. 5-ஆம் நம்பர் ராடு அதுக்கான சாமானும் இல்லை. ஃப்ளையில அது சிக்குனா நரம்பை அறுத்தாவது விட்டுருங்க.

செட்டா வாங்கறதுன்னா 11,500, அப்புறம் லைனுக்கு 5,200, டிப்பெட்டுக்கு 900, ஆகமொத்தம் 17,600 ஆச்சு. இன்னொருத்தருக்கு வாங்கித்தர்றதா இருந்தா நான் செட்டை விட்டுட்டு, ராடைத் தனியா, சாதாரண ரீலைத் தனியா, லைனை நல்லதா வாங்குவேன், கிட்டத்தட்ட அதே காசுதான் வருது. ஏரியும் அகலமான ஆறும்னா இதே 9 அடி 5-ஆம் நம்பர். கை நீட்டுனா அக்கட்டால கரையைத் தொடற சின்ன ஓடைதான் உங்களுக்குன்னா, ஏழரை அடியில இருந்து எட்டடிக்குள்ள 3 இல்லைன்னா 4-ஆம் நம்பர் எடுங்க. 4-ஆம் நம்பர் லைன் தராசுல 7.8 கிராம் சுமாருக்கு நிக்கணும். ராஜ வீதித் தம்பி இப்பெல்லாம் லைன் கொண்டுபோனா ஒண்ணும் கேக்கறதில்லை, ஃபேனை நிறுத்திட்டு மரப்பெட்டியை அடுக்க ஆரம்பிச்சர்றாரு.